மகளுக்கு, அந்த ஆச்சரியக்குறிகளைப் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று ஆங்கில வரைவுகளையும் படித்துவிட்டேன். வினைச்சொற்களில் ஒரு பிழைகூட இல்லை, பெருமையாகத்தான் இருக்கிறது. இன்டர்ஜெக்‌ஷன் வருகிற இடங்களில் மட்டும் சிவப்பு மையால் திருத்தியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உணர்ச்சியைக் காட்டும் ஓ, வாவ் போன்ற சொற்களின் இந்த வகை, ஆங்கில இலக்கணத்தின் சொல்வகைகளில் எட்டாவதாக வருவதாலோ என்னவோ, அதை யாரும் மதித்துப் படிப்பதில்லை. நீயும் படிக்கவில்லை.

முதலில் அந்த இரங்கல் கடிதம். ‘அலாஸ்! யுவர் ஃபாதர் இஸ் நோ மோர்’ என்ற வரியை முழுக்க அடித்துவிட்டேன். சோகம் என்றால் அலாஸ், மகிழ்ச்சி என்றால் ஹுர்ரா என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். அதை நம்பி இன்று யாருக்கும் கடிதம் எழுத முடியாது. இப்போது அலாஸ் பெரும்பாலும் வாக்கியத்தின் நடுவே, இரு பக்கமும் கமாவோடு, கொஞ்சம் குறும்பாக வரும்: ‘த டிரெயின், அலாஸ், ஹேட் லெஃப்ட்.’ துக்கத்தில் இருப்பவர் காதில் அது நாடக வசனமாக விழும். போதாததற்கு, அவருடைய அப்பா இறந்த செய்தியை அவருக்கே நீ அறிவிக்கிறாய். ‘ஐ யம் ஸோ சாரி டு ஹியர் அபௌட் யுவர் ஃபாதர்’ என்று எழுதி முற்றுப்புள்ளி வை. துக்கக் கடிதத்தில் ஆச்சரியக்குறியே வேண்டாம்.

மற்ற இடங்களிலும் ஒரு குறிக்கு மேல் வேண்டாம். ‘ஓ! ஐ ஃபர்காட் டு அட்டாச் த ஃபைல்!!’ என்று இருந்தது. உணர்ச்சி பலமாக இருந்தால் இன்டர்ஜெக்‌ஷனுக்குப் பின் ஆச்சரியக்குறி; அடுத்த சொல் பெரிய எழுத்தில் தொடங்கும். லேசான உணர்ச்சி என்றால் கமா. அடுத்த சொல் சிறிய எழுத்தில். கேள்வித் தொனி என்றால் கேள்விக்குறி. கோப்பை இணைக்க மறந்தது லேசான விஷயம், கமா போதும். எச் இல்லாத ஒற்றை எழுத்து ‘ஓ’ வேறு: ‘ஓ லார்ட்’ என்று ஒருவரை விளிப்பதற்கானது. அது எப்போதும் பெரிய எழுத்து, பின்னால் கமா கிடையாது. உனக்கு வேண்டியது எச் சேர்ந்த ஓ.

எது இன்டர்ஜெக்‌ஷன் என்று சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் படித்துப் பார். வாக்கியத்தின் மற்றச் சொற்களோடு அதற்கு இலக்கண உறவு இல்லை என்பதால், எடுத்தாலும் செய்தி குறையாது. ‘வெல், ஷீ சிங்ஸ்’ என்பதில் வெல்லை எடுக்கலாம். ‘ஷீ சிங்ஸ் வெல்’ என்பதில் எடுத்தால் அவள் நன்றாகப் பாடுகிறாள் என்ற செய்தியே போய்விடும். அங்கே அது வினையடை. ‘வாட் எ லவ்லி டே!’ என்பது முழு வியப்பு வாக்கியம், அதை இந்தக் கணக்கில் சேர்க்காதே.

இனி, என்னை உறுத்திக்கொண்டிருப்பது. மேலாளருக்கு நீ எழுதிய பதிலில் ஒரு வரி முழுக்க ‘ஓ. ஓகே.’ மட்டும்தான். ஜான் ஹெரிடேஜ் என்ற ஆய்வாளர் 1984-இல் இந்த ‘ஓ’வை ஆராய்ந்து எழுதினார். கேட்பவருக்குத் தெரியாதிருந்த ஒன்று இப்போது தெரிந்துவிட்டது என்பதைத்தான் அது காட்டுகிறதாம். தெரிந்ததும் மனசில் என்ன ஆனது என்பதை அது சொல்லாது. அடுத்து வரும் வாக்கியம்தான் சொல்ல வேண்டும். ‘ஓ, ஐ டிட்ன்ட் நோ தட். தேங்க்ஸ் ஃபார் டெல்லிங் மீ’ என்று எழுதினால் விஷயம் முடிந்தது. வெறும் ‘ஓ’வில் முற்றுப்புள்ளி வைத்தால் படிப்பவர் மிச்சத்தைத் தானே கற்பனை செய்துகொள்வார், பெரும்பாலும் கெட்டதாக. குறுஞ்செய்தியில் ஒற்றைச் சொல் பதிலுக்குப் பின் முற்றுப்புள்ளி இருந்தால் அதில் மனசு இல்லை என்று படிப்பவர்கள் நினைப்பதாக 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வே சொல்கிறது. வீட்டுக்கு வருகிற பதில்களைச் சொல்லவில்லையம்மா. உத்தியோகக் கடிதத்தைத்தான் சொல்கிறேன்.

அதே கடிதப் போக்கில் மேலாளர், ‘ஆர் யு செட்டில்ட் தேர்?’ என்று கேட்டிருக்கிறார். நீ, ‘வெல், யெஸ்’ என்றிருக்கிறாய். கேட்டவர் எதிர்பார்க்கும் பதிலைத் தர முடியாதபோது, மறுக்கவோ தயங்கவோ போகும்போது, ஆங்கிலக்காரர்கள் முன்னால் ஒரு வெல் போடுவார்கள். யெஸ்ஸுக்கு முன்னால் அது நின்றால் பாதி நோ என்றுதான் அர்த்தம். பழக்கதோஷத்தில் வந்தது என்றால் எடுத்துவிடு. தெரிந்தே போட்டது என்றால் அதற்குப் பின் காரணத்தையும் ஒரு வரி எழுது. எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவருக்கு எழுது.

ஊப்ஸ் என்பது காப்பியைச் சிந்திவிட்டால் சொல்வது. தவறான வாடிக்கையாளருக்கு பில் போன விஷயத்தில் ‘ஊப்ஸ்!’ என்றால் நீ அதைப் பொருட்படுத்தவில்லை என்று ஆகும். அங்கே ‘ஐ அப்பாலஜைஸ்’. காஷ், ஜீ, டார்ன் மூன்றும் காட், ஜீஸஸ், டேம் ஆகியவற்றை மழுப்பிச் சொன்ன வடிவங்கள். அவையே அலுவலகக் கடிதத்துக்கு அதிகம். மூலச் சொற்கள் பக்கமே போகாதே. எந்தச் சொல்லாக இருந்தாலும் குறி ஒன்று போதும்.

கூட்டக் குறிப்பில் மற்றவர் பேச்சை அயற்கூற்றாக மாற்றும்போது ‘வாவ்’ அப்படியே நிற்கிறது. இன்டர்ஜெக்‌ஷனை நீக்கி, அது காட்டிய உணர்ச்சியை வினையில் ஏற்று. ‘வாவ்! வீ ஹேவ் வொன்’ என்பது ‘தே எக்ஸ்கிளைம்ட் வித் டிலைட் தட் தே ஹேட் வொன்’ ஆகும். வீ, தே ஆகிவிட்டது. காலம் ஒரு படி பின்னே போய்விட்டது. ஆச்சரியக்குறி போய் முற்றுப்புள்ளி வந்துவிட்டது. கடைசி மாற்றத்தைத்தான் நீ மறந்திருக்கிறாய்.

போனில் பேசும்போது ‘ஹ?’ என்று கேட்காதே, ‘சாரி?’ என்று கேள். மார்க் டிங்கமான்ஸவும் கூட்டாளிகளும் 10 மொழிகளை ஒப்பிட்டு, இந்த ‘ஹ?’ எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கிறது என்று 2013-இல் எழுதினார்கள். சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தருகிற இக் நோபல் பரிசும் 2015-இல் அதற்குக் கிடைத்தது. உலகமே சொல்கிறது என்பதற்காக மேலதிகாரியிடம் சொல்லலாம் என்றில்லை.

‘அஹ்-ஹ’, ‘அ-அ’ இரண்டிலும் இன்னும் கவனம் வேண்டும். முதலாவதில் நடுவே மூச்சு ஓடும், குரல் மேலே ஏறும், அது ஆமாம். இரண்டாவதில் தொண்டை ஒரு கணம் அடைபடும், குரல் இறங்கும், அது இல்லை. நேரில் தலையாட்டல் காட்டிக்கொடுக்கும். போனில் இரைச்சல் இருந்தால் இரண்டும் ஒன்றுதான். தூக்கம் வருகிறதா என்று போன வாரம் கேட்டதற்கு நீ சொன்னது எது என்பதில் அம்மா ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. யெஸ், நோ இரண்டையும்கூட அகராதிகள் இன்டர்ஜெக்‌ஷன் கணக்கில் சேர்க்கின்றன. அடுத்த முறை அவற்றில் ஒன்றைச் சொல்.

அன்புடன்,
அப்பா