செய்திக்குறிப்பு எழுதும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. பருவமழைக்கு முன்னதாகவே நீர்வளத் துறையின் செய்திக்குறிப்புகளை எழுதும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நீ அனுப்பிய மாதிரி வரைவை இரண்டு முறை படித்தேன்.

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்று தொடங்கி, நீர்வரத்து, ஆய்வு, அதிகாரிகளின் பதவிகள் எல்லாவற்றையும் கடந்த பிறகே, உபரிநீர் திறக்கப்படும் செய்தி நான்காவது பத்தியில் வருகிறது. விவரங்கள் சரிதான்; ஆனால் அது கோப்பின் வரிசை. இடம் போதாதபோது துணை ஆசிரியர் கீழிருந்துதான் வெட்டுவார் என்பதால், நான்காவது பத்தி அச்சேறாமலே போகக்கூடும். செய்திப் பிரிவில் இருந்த காலமெல்லாம் நானும் அப்படித்தான் வெட்டினேன்.

ஆகவே இப்படித் தொடங்கு: ‘செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து புதன்கிழமை காலை 11 மணிக்கு உபரிநீர் திறக்கப்படுவதால், சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை ஆகிய பகுதிகளிலும் அடையாற்றின் இரு கரைகளிலும் தாழ்வான இடங்களில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்ல வேண்டும்.’ கிழமையோடு தேதியையும் சேர்த்துவிடு. நீ ‘நாளை’ என்று எழுதுவது, மறுநாள் நாளிதழைப் பிரிப்பவருக்கு வேறொரு நாளாகிவிடும்.

அடுத்து, அளவு. வினாடிக்கு 1,000 கன அடி என்பது பொறியாளரான உனக்குக் கண்ணில் தெரியும். கரையோரத்தில் குடியிருப்பவருக்குத் தெரியாது. அது ஏறத்தாழ 28,300 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் இரண்டுக்கு மேல் ஒவ்வொரு வினாடியும் கவிழ்வது போன்றது என்று ஒரு வரி சேர்த்தால், படிப்பவர் உடனே எழுந்து பொருட்களை மேலே எடுத்து வைப்பார். 2015 டிசம்பர் 1 இரவு அதே ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வெளியேறியதை நீ அறிவாய். அந்த எண்ணின் பொருள் கரையோர மக்களுக்கு முன்கூட்டியே புரிவது உயிர் சம்பந்தப்பட்டது என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

‘பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை’ என்ற வரியை, அதற்கான காரணத்தையும் கூடவே எழுத முடிந்தால் மட்டும் வைத்துக்கொள். குறிப்பின் கீழே, இரவிலும் எடுக்கப்படும் ஒரு கைப்பேசி எண் இருக்கட்டும். சந்தேகம் கேட்க வழியில்லாத செய்தியாளர் தாமாக ஊகித்து எழுத நேரிடும். வெளியூர்ப் பதிப்புகள் முன்னதாகவே அச்சுக்குப் போய்விடுவதால், மாலை வரை காத்திராமல் அனுப்பிவிடு.

திருத்திய வரைவை எனக்கு அனுப்பு. ஊர்ப் பெயர்களை மட்டும் கள அலுவலர் ஒருவரிடம் படித்துக் காட்டிச் சரிபார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா