லோடு தானாக இறங்கினால் சீல் மீது மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு,

ஃபோர்க்லிஃப்ட் (பாரம் தூக்கும் வண்டி) விபத்து என்றாலே ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதிவிடுகிறார்கள். தூக்கிய லோடு தானாக இறங்கிக்கொண்டிருந்ததா என்று கேட்பவர்கள் குறைவு. அப்படியே கேட்டாலும், உடனே ஆயில் அழுத்தத்தால் லோடைத் தூக்கும் சிலிண்டரைப் பிரித்து, ஆயில் கசியாமல் தடுக்கும் சீல்களின் தொகுப்பை (சீல் கிட்) மாற்றுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. குறை ஆயில் ஓட்டத்தைத் திறந்து மூடும் கன்ட்ரோல் வால்வில் இருந்தால் அந்தச் செலவு வீண்.

முதலில் அளக்க வேண்டும். ஆயில் வேலைச் சூட்டில் இருக்கும்போது, வண்டிக்கு விதித்த முழு எடையைத் தூக்கி, இன்ஜினை அணைத்து 10 நிமிடம் விடுங்கள். ஐஎஸ்ஓ 3691-1 என்ற சர்வதேசத் தரத்தின்படி, 10 டன் வரை தூக்கும் வண்டியில் 100 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. அந்த நேரத்தில் ஃபோர்க்குக்கு அடியிலோ அருகிலோ யாரும் நிற்கக் கூடாது.

அதற்கு மேல் இறங்கினால் சிலிண்டரின் வகையைப் பாருங்கள். உள்ளே பிஸ்டனைச் சுற்றி சீல் இல்லாத ராம் வகை என்றால், கசியும் ஆயில், ராட் (தண்டு) வெளியே வரும் வாயான கிளாண்ட் வழியாக வெளியேதான் வரும். ராடும் ஹோஸ்களும் (ஆயில் குழாய்கள்) காய்ந்திருக்க லோடு மட்டும் இறங்குகிறதா? சந்தேகம் வால்வின் மேல்தான்: ஸ்பூல் (ஆயில் வழியை மாற்றும் உள்தண்டு) தேய்ந்திருக்கும், அல்லது ஆயிலை ஒரே திசையில் விடும் செக் வால்வு மூடி உட்காரும் இடத்தில் தூசு சிக்கியிருக்கும்.

பிஸ்டன் சீல் உள்ள வகையில், ஃபோர்க்கைத் தரையில் இறக்கிய பிறகு சிலிண்டர் தலையிலிருந்து டேங்குக்குப் போகும் ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றுங்கள். சிலிண்டர் பக்கத்தை ஒரு டப்பாவில் விட்டு, டேங்க் பக்கத்தை அடைத்துவிடுங்கள். லோடைக் கொஞ்சம் மட்டும் தூக்கி, இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளி நின்று கவனியுங்கள். தூக்கும்போது வரும் ஆயில் கணக்கில்லை. நின்ற பிறகும் சொட்டினால் சீல் போய்விட்டது. சொட்டாமல் இறங்கினால் வால்வுதான்.

சீல் மாற்றும்போது அதன் உதடு போன்ற விளிம்பு அழுத்தம் வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். ராடின் குரோம் பூச்சில் நகம் தட்டுப்படும் அளவுக்குக் கீறல் இருந்தால் புதிதாகப் போட்ட சீல் வளையத்தையும் அது கிழித்துவிடும். ராடையே சரிசெய்யாமல் பயனில்லை. அழுத்தம் உள்ள ஹோஸில் கசிவு தேடக் கையை வைக்காதீர்கள், அட்டைத் துண்டு போதும். ஊசித் துளையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாஸ்ட் (ஃபோர்க் ஏறி இறங்கும் நிமிர்ந்த சட்டம்) கடைசி உயரம் எட்டவில்லை என்றால் இத்தனை பாடும் வேண்டாம். ஃபோர்க்கை முழுக்க இறக்கி டேங்கில் ஆயில் மட்டத்தைப் பாருங்கள்.

பராமரிப்புப் பதிவேட்டில் அந்த 10 நிமிட அளவுக்கும் ஒரு கட்டம் வைக்க நிர்வாகங்கள் முன்வர வேண்டும். மாதாமாதம் எண் ஏறுகிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஹைட்ராலிக் பராமரிப்புப் பணியாளர் ஒருவர்