அப்பாவுக்காக ஓடியவர்களுக்கு நன்றி

பந்திங் தோட்டத்து உறவுகளுக்கு வணக்கம்.

மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இருதய அறுவைச் சிகிச்சை முடிந்து அப்பா வீடு திரும்பிவிட்டார். காப்பியில் சீனி பத்தவில்லை என்று என் மனைவியிடம் மல்லுக்கு நிற்கிறார். தேறிவிட்டார் என்றுதான் அர்த்தம்.

முதல் நன்றி கீழ்லயத்துப் பெரியப்பாவுக்கு. எல்லா நோய்க்கும் தோட்டத்து டிரெஸ்ஸரிடம் மாத்திரை வாங்கிப் பழகிய அப்பா, "நெஞ்சைப் பிளக்க விடமாட்டேன்" என்று ஒற்றைக்காலில் நின்றார். அந்த ஆஸ்பத்திரியிலேயே அட்டெண்டனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா கட்டிலருகில் உட்கார்ந்து கதையை ஆரம்பித்தார். முதல் மருத்துவ மாணவர்களைச் சேர்த்தபோது ஆஸ்பத்திரியே கிடையாதாம். 1967இல்தான் நோயாளிகளை எடுத்தார்கள். மறு வருஷம் மாமன்னர் திறந்து வைத்தார், 1969இல் அந்த மாணவர்கள் டாக்டராகி வெளியே வந்தார்கள். முதல் டீன் டி. ஜே. தனராஜ் பெயரைச் சொல்லும்போது மட்டும் பெரியப்பா முதுகை நிமிர்த்திக்கொண்டார். அங்கே மருத்துவ நூலகத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

அப்பாவை அசைத்தது நிப்பா வைரஸ் கதை. நெகிரி செம்பிலானில் பன்றிப் பண்ணைக்காரர்கள் வரிசையாகச் சாய்ந்ததை அவரும் மறக்கவில்லை. கொசுவால் வரும் மூளைக்காய்ச்சல் என்று எல்லாரும் மருந்தடித்துக்கொண்டிருக்க, 1999இல் இது வேறு வைரஸ் என்று அந்தப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் டாக்டர் சுவா காவ் பிங் கண்டுபிடித்தார். "அதைக் கண்டுபிடிச்ச இடம்டா, உன் நெஞ்சைப் பார்க்க மாட்டாங்களா?" என்றார் பெரியப்பா. வைரஸுக்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தமோ, அப்பா சம்மதக் கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டார்!

அப்புறம், ரத்தம் கொடுத்த தம்பிமார்களுக்கு. செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்த ஒருவனை, "தூங்காமல் கொடுக்கக் கூடாது" என்று மிஸ்ஸி (நர்ஸ்) திருப்பி அனுப்பினார். அவன் வேனிலேயே தூங்கி எழுந்து சாயங்காலம் மறுபடியும் போய்க் கையை நீட்டினான். வார்டில் அப்பாவை 'அப்பா' என்றே கூப்பிட்டு, மலாயில் அதட்டி நடக்க வைத்த அந்த மிஸ்ஸிக்கும், அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர்களுக்கும் எங்கள் நன்றி.

கோவில் தலைவருக்கு ஒன்று. வேனுக்கு டீசல் காசு வாங்க மறுத்துவிட்டீர்கள், சரி. இந்த வருஷத் திருவிழாவில் ஒருநாள் அன்னதானம் எங்கள் செலவு. அரிசி, பருப்புக்கு இப்போதே கடையில் சொல்லியாகிவிட்டது.

இப்படிக்கு,
மேட்டுலயத்துக் குடும்பத்தார்