ரிசைன் பண்ணுவதற்கு முன்னால்

பாப்பாவுக்கு,

சென்னை வேலையை விட்டுவிட்டு அசாமில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு லேப் வேலைக்குப் போகட்டுமா என்று நேற்று நீ போனில் கேட்டதற்கு "யோசித்துச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. நைனா பக்கத்திலேயே உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார், அவர் காதில் பாதி விழுந்து பாதி விழாமல் போனால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளமா என்று சிரிக்காமல் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படி.

போ. என் பதில் அதுதான். சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை, அசாமில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரி லேப் வேலைக்குப் போ. ஆனால் "அம்மாவே சொல்லிவிட்டாள்" என்று நாளைக்கே ரிசைன் லெட்டர் கொடுத்துவிடாதே, நான் சொல்வதை முழுசாகக் கேள்.

உன் அத்தைக்கு விஷயம் தெரிந்தால் என்ன சொல்வாள் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடுவேன். கல்யாண வயசுப் பெண்ணை யாராவது அவ்வளவு தூரம் அனுப்புவார்களா, சென்னையில் ஏசி ரூமில் நிலையான வேலை இருக்கும்போது என்ன கேடு. இந்த 'நிலையான' வேலையை நம் ஊரில் நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது, கழிவுநீரைச் சுத்தம் பண்ண ஏற்பாடு செய்யாத தோல் பதனிடும் டேனரிகளை மூடச் சொல்லி. அதுவரைக்கும் டேனரி வேலை என்றால் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் இருக்கும் என்றுதான் உன் தாத்தா பேசுவார். தீர்ப்பை நான் குறை சொல்லவில்லை, பாலாற்றுக் கரையில் கிணற்றுத் தண்ணீர் எப்படி ஆனது என்று பார்த்தவள் நான். அப்புறம் 2020 லாக்டவுன். ஐரோப்பாவிலிருந்து வரும் ஷூ ஆர்டர் நின்றது, கம்பெனி பஸ் வரவில்லை, பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர் வரைக்கும் வீட்டுக்கு வீடு ஒருத்தர் சும்மா உட்கார்ந்திருந்தோம். இருந்த இடத்திலேயே இருந்தாலும் ஆபத்து வரும். தேடி வரும்போது நம்மைக் கேட்டுக்கொண்டு வராது, அவ்வளவுதான்.

நான் இந்த ஷூ கம்பெனியில் சேர்ந்தபோதும் இப்படித்தான் பேசினார்கள். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்து நாலு காசு வந்துகொண்டிருந்தது, அதை விட்டுவிட்டுத் தோல் வேலைக்கா என்று. முதல் வாரம் எனக்கும் பயம்தான். துணி என்றால் தையல் கோணினால் பிரித்து மறுபடி போடலாம், தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தடம்கூடத் தெரியாது. தோலில் அந்தக் கதையே இல்லை. ஊசி இறங்கிய இடம் ஓட்டை, நூலைப் பிரித்தாலும் ஓட்டை வரிசையாக நிற்கும், அந்தப் பீஸ் போனது போனதுதான். அதனால் பெடலை மிதிப்பதற்கு முன்னால் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பேன், ஸ்கைவிங்கில் ஓரத்தை மெலிதாகச் சீவியது சரியாக இருக்கிறதா, வயிற்றுப் பக்கத்துத் தோலா முதுகுப் பக்கத்துத் தோலா. வயிற்றுத் தோல் இழுக்கும், அதைக் கொண்டுபோய் முன்பக்கத்தில் வைத்தால் போடப்போட ஷூ கோணிக்கொள்ளும். இத்தனை வருஷம் ஜாக்கெட் தைத்தபோது வராத நிதானம் தோலில் உட்கார்ந்த பிறகுதான் என் கைக்கு வந்தது.

நீ கேட்கிற வேலையையும் நான் அப்படித்தான் பிரித்துப் பார்க்கிறேன். வேலையை விடுவது துணித் தையல். அங்கே ஒத்துவரவில்லை என்றால் திரும்பி வா, உன் படிப்புக்குச் சென்னையிலோ வேலூரிலோ வேறு லேப் கிடைக்காமல் போகாது. நாலு பேர் நாலு விதமாகப் பேசுவதும் துணிதான், நாலு மாசத்தில் வேறு வீட்டுக் கதைக்குப் போய்விடுவார்கள். ஆனால் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்று சொன்னால் அது தோல், கொடுக்காதே, ஜெராக்ஸ் போதும். இரண்டு வருஷம் பாண்ட், நடுவில் விட்டால் பணம் கட்டு என்று எழுதியிருந்தால் அதுவும் தோல், ஒவ்வொரு வரியையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. உன் படிப்புக்கு வைத்த நகைக்கடனில் கொஞ்சம் பாக்கி இருக்கிறதே, அதை முடித்துவிட்டுப் போ. கடனைத் தலையில் வைத்துக்கொண்டு போனால் அங்கே பிடிக்காவிட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாய்.

ஐடா ஸ்கடர் கதையை ஸ்கூலில் உனக்கும் சொல்லியிருப்பார்கள். 1870-ல் நம்ம ராணிப்பேட்டையில் பிறந்தவர், அமெரிக்காவில் படித்துவிட்டு, உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்க்கத் திண்டிவனம் வந்த இடத்தில் ஒரே ராத்திரி மூன்று ஆண்கள் வந்து பிரசவம் பார்க்கக் கூப்பிட்டார்கள், ஆண் டாக்டர் வேண்டாம் என்றார்கள், மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். எல்லோரும் அந்த ராத்திரியோடு கதையை முடித்துவிட்டு நேராக இன்றைக்கு வேலூரில் இருக்கிற சி.எம்.சி. பெரிய ஆஸ்பத்திரியைக் காட்டுவார்கள். நடுவில் இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும். மனசு துடித்ததும் அவர் அப்படியே வேலையில் இறங்கிவிடவில்லை, திரும்பிப் போய் டாக்டருக்குப் படித்து 1899-ல் முடித்தார். 1900-ல் வேலூரில் அவர் ஆரம்பித்தது ஒரே ஒரு கட்டில். நாற்பது படுக்கை ஆஸ்பத்திரி 1902-ல், பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-ல். துணிச்சல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பது என்று உன் வயசில் எல்லோரும் நினைக்கிறீர்கள், இந்த அம்மா ஒற்றைக் கட்டில் போடுவதற்கே அத்தனை வருஷம் படித்திருக்கிறார்.

நீயும் படித்திருக்கிறாய், ஆனால் படித்ததில் எவ்வளவு கையில் இருக்கிறது? நீயே சொன்னாய், காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் டியூப்பில் பார்கோடு ஒட்டி ஒரே மெஷினில் அடுக்குகிறேன், ரிசல்ட் தானாக வருகிறது, மைக்ராஸ்கோப்பைத் தொட்டே எவ்வளவு நாள் ஆகிறது என்று. அங்கே ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற மலேரியா ஸ்மியர் நீதான் பார்க்க வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்குப் பிரசவ கேஸ் வந்தால் ரத்த குரூப்பும், ஏற்றப்போகிற ரத்தம் ஒத்துப்போகுமா என்று பார்க்கிற கிராஸ் மேட்ச்சும் நீதான். கிராஸ் மேட்ச் தப்பினால் பிரித்துத் தைக்க முடியாது. அதனால் சேருவதற்கு முன்னாலேயே கேள், முதல் சில மாசம் கூட யார் இருப்பார்கள், சந்தேகம் வந்தால் ராத்திரியில் யாருக்குப் போன் போடுவது என்று. இதற்கு நேரான பதில் வராவிட்டால் அந்த ஆஸ்பத்திரி வேண்டாம், வேறு ஒன்று தேடிக்கொள்ளலாம்.

பாஷை, சாப்பாடு என்று இழுத்தாய். அதற்கெல்லாம் நான் பயப்படவில்லை. சி.எம்.சி. எதிரே போய் நின்று பார், பெங்காலி போர்டும் மீன் குழம்பு வாசனையுமாக இருக்கும். வங்காளம், அசாம், திரிபுரா என்று எங்கிருந்தோ ஒரு சூட்கேஸும் ஒரு ஃபைலுமாக வருகிறார்கள், தமிழில் ஒரு வார்த்தை தெரியாது, ரூம் எடுத்து ஸ்டவ் வாங்கி வாரக்கணக்கில் இருந்து வைத்தியம் முடித்துப் போகிறார்கள். உடம்பு முடியாதவர்களாலேயே முடிகிறது. போக ரயில்கூட மாற வேண்டாம், கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகிற விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, நம்ம காட்பாடியில் நிற்கிறது.

நைனாவிடம் நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்ல வேண்டும், அதுவும் போனில் இல்லை, நேரில். ஞாயிற்றுக்கிழமை வா. அவர் முதலில் கத்துவார், சாப்பிட்ட பிறகு எந்த ஊர், எவ்வளவு சம்பளம், எங்கே தங்குவாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார், அதற்குப் பதில் தயாராக வைத்துக்கொள். அந்த ஆஸ்பத்திரி வேலை ஆர்டரைப் பிரின்ட் எடுத்து வா, உன் ஆபீஸில் நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்றும் கேட்டு வை. முள்ளு கத்திரிக்காய் வாங்கி வைக்கிறேன்.

அம்மா