அரை மணி நேரம், ஒரு மாணவர், ஓர் ஆசிரியர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வகுப்பில் மற்றவர்களோடு சேர்ந்து கற்க முடியாமல் தடுமாறும் பிள்ளைகளுக்கு, ஓர் ஆசிரியர் ஒரு மாணவருக்கு மட்டும் என்ற முறையில் சொல்லித்தரும் தனியார் மையங்கள் சென்னை, கோவை போன்ற நகரங்களில் பெருகி வருவதைக் குறித்துத் தங்கள் நாளிதழில் வாசகர் கருத்துகள் வெளிவந்தன. அவற்றைப் பாராட்டியவர்களும் சரி, கல்வியை விலை பேசும் இன்னொரு வழி என்று கண்டித்தவர்களும் சரி, இந்த முறை வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே உரியது என்று முடிவு கட்டிவிட்டே பேசியதாக எனக்குத் தோன்றியது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில் அந்த முடிவை நான் மறுக்கிறேன். தனிக் கவனிப்பு மிகுதியாகத் தேவைப்படுகிற பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாள் முழுவதும் தனி ஆசிரியர் வேண்டியதில்லை. பள்ளி நேரத்துக்குள்ளேயே நாள்தோறும் அரை மணி நேரம், பயிற்சி பெற்ற ஒருவர் அருகில் அமர்ந்து சொல்லித்தந்தால் போதும். அதற்கான திட்டங்களும் சட்டங்களும் பெரும்பாலும் கையில் இருக்கின்றன. கால அட்டவணையில்தான் இடம் இல்லை.

நமது பள்ளிகளில் 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பதிவேடு உண்டு. எழுத்துகளை இனங்காண முடியாத டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை, கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளை, ஒரு காது மந்தமான பிள்ளை, பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய்ப் பாதி ஆண்டைத் தொலைத்துவிட்டு வரும் பிள்ளை, வீட்டில் ஒடியாவோ இந்தியோ பேசுகிற புலம்பெயர் தொழிலாளியின் பிள்ளை ஆகிய எல்லோரும் அந்த ஒரே பதிவேட்டில்தான் ஏறுகிறார்கள். 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில் திறக்கும்வரை ஒன்றாம் வகுப்பையே கண்ணால் பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். காரணங்கள் இத்தனை வேறுபட்டிருக்க, இவர்கள் அனைவருக்கும் நாம் வைத்திருக்கும் மருந்து ஒன்றே ஒன்றுதான்: மாலையில் சிறப்பு வகுப்பு. காலையில் புரியாத பாடத்தை மாலையில் சற்று உரத்த குரலில் மறுபடி நடத்துவதற்கே பெரும்பாலும் அந்தப் பெயர் வழங்குகிறது என்பது ஆசிரியர்கள் அறியாதது அன்று.

அருகில் அமர்வதால் என்ன கிடைத்துவிடும் என்று கேட்பவர்களுக்கு, நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கரும்பலகையில் எழுதிப்போட்டதை முத்து முத்தாகத் தன் ஏட்டில் எழுதிவிடுவான். எழுதியதைப் படி என்றால் வாய் திறக்க மாட்டான். வீட்டில் அடம் என்றார்கள், பள்ளியில் சோம்பல் என்றார்கள். வட்டார வள மையத்திலிருந்து வந்த, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியை அவன் பக்கத்தில் அமர்ந்து, அவன் விரல் நகர்வதைக் கவனித்தபோதுதான் சிக்கல் எங்கே என்பது தெரிந்தது. 'பாடம்', 'மாமா' போன்ற சொற்களை அவன் தட்டுத்தடுமாறியேனும் படித்தான். 'கொடி' என்ற சொல்லில் முதலில் வரும் கொம்பைப் பார்த்ததுமே நின்றுவிட்டான். தமிழ் எழுத்தில் கொம்பு மெய்க்கு முன்னே எழுதப்படுகிறது. அதன் ஒலியோ மெய்க்குப் பின்னே வருகிறது. ஒகரத்தில் முன்னே கொம்பு, பின்னே கால் என்று ஒரே ஒலி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. 'கௌ' என்று எழுதினால் அது ஓர் எழுத்தா, 'கெ', 'ள' என்ற இரண்டு எழுத்துகளா என்பது பார்வைக்குப் புலப்படாது. பெரும்பாலான பிள்ளைகள் இதைத் தாமாகவே கடந்துவிடுகிறார்கள். கண் காண்கிற வரிசைக்கும் வாய் சொல்ல வேண்டிய வரிசைக்கும் உள்ள இந்த முரணை அந்தப் பையனால் தாண்ட இயலவில்லை. சிறப்பாசிரியை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அரிசி பரப்பிய தட்டில் அவன் விரலாலேயே எழுதவைத்து, எழுதும்போதே ஒலியையும் சொல்லவைத்து, எகர ஏகாரச் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்கினார். அவை பழகிய பிறகே ஒகரம். ஆண்டு முடியும் முன் அவன் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை உதவியின்றிப் படித்தான். ஐந்தாம் வகுப்புப் பாடத்துக்கு அது போதாதுதான். ஆனால் ஐந்து ஆண்டுகள் நாங்கள் கூட்டமாக நடத்திய பாடங்கள் அவனை அந்த இடத்துக்குக்கூடக் கொண்டுவரவில்லை. அந்தச் சிறப்பாசிரியை வாரத்தில் ஒரு நாள்தான் வர முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் பொறுப்பில் பல பள்ளிகள் இருந்தன.

தவறு நிகழும் அதே நொடியில் அதைக் காண்பதும், அது ஏன் நிகழ்ந்தது என்று பிள்ளையிடமே கேட்க முடிவதும், அது சரியாகும்வரை அடுத்ததற்குப் போகாமல் இருப்பதும்தான் தனிக் கற்பித்தலின் வலிமை. அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் வெளியிட்ட கட்டுரையில், தனியே சொல்லித்தரப்பட்ட சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படிக்கும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மாணவர்களை விஞ்சினார் என்று காட்டினார். அந்த அளவு மிகையானது என்று பின்னர் வாதிட்டவர்கள் உண்டு. பயன் உண்டு என்பதை மறுத்தவர் அரிது. புளூமே கேட்ட கேள்வி, ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆசிரியரை எந்தச் சமூகத்தாலும் அமர்த்த முடியாதே, அந்தப் பயனைக் கூட்டு வகுப்பிலேயே பெறுவது எப்படி என்பதுதான்.

அந்தக் கேள்விக்குத் தமிழ்நாடு ஒரு முறை துணிச்சலான விடை கண்டது. ஆந்திரத்தின் ரிஷி வேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கப்பட்ட முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007–08இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்தார்கள். பாடப் புத்தகம் அட்டைகளாகவும், அட்டைகள் கற்றல் ஏணியாகவும் மாறின. ஆசிரியர் முழுமையாக உதவ வேண்டிய குழு, ஓரளவு உதவினால் போதும் என்ற குழு, சக மாணவர் உதவியோடு கற்கும் குழு, தானே கற்கும் குழு என்று பிள்ளைகள் தத்தம் நிலைக்கேற்ப இடம் மாறினார்கள். ஒரு பிள்ளை பத்து நாள் பள்ளிக்கு வராவிட்டாலும், விட்ட படியிலிருந்தே ஏணியில் ஏறலாம். 'வாத்தியார் பாடமே நடத்துவதில்லை' என்று பெற்றோர் குறைப்பட்டதும், பதிவேடுகளை நிரப்பியே ஆசிரியர்கள் சலித்துப்போனதும் உண்மை. கிழிந்த அட்டைகளுக்கு மாற்று அட்டைகள் நேரத்துக்கு வராததும் உண்மை. இருந்தும், பின்தங்கிய பிள்ளையின் அருகில் ஆசிரியர் அமர்ந்தே ஆக வேண்டும் என்பதை முறையின் உள்ளேயே கட்டிவைத்த திட்டம் அதற்குப் பிறகு வரவில்லை என்பது என் கருத்து.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்து, நிலைக்கேற்ற பயிற்சி நூலும் தருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்குக் கல்வி உரிமைச் சட்டப்படி இரண்டே ஆசிரியர்கள். ஐந்து வகுப்பு, வகுப்புக்கு மூன்று நிலை, ஆசிரியர்களோ இருவர்; அவர்களில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் கல்வித் துறை பள்ளி விவரங்களைத் திரட்டும் எமிஸ் இணையதளத்தில் வருகையையும், உணவு உண்டோர் எண்ணிக்கையையும், அன்றன்று கேட்கப்படும் வேறு விவரங்களையும் பதிந்து முடிக்கும்போது முற்பகல் கழிந்துவிடும். இந்த நிலையில் அரும்பு நிலையிலிருக்கும் நான்காம் வகுப்புப் பிள்ளையின் அருகில் அமர யாரால் முடியும்? அந்தப் பிள்ளை அரும்பாகவே ஆறாம் வகுப்புக்குப் போகிறது. எட்டாம் வகுப்புவரை தேர்ச்சியில் தடை இல்லை. ஒன்பதாம் வகுப்பில்தான் நிலைமை முற்றுகிறது. பத்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு காட்ட விரும்பும் பள்ளிகள், எழுதப் படிக்கத் தெரியாத மாணவரின் பெற்றோரை அழைத்து நயமாகப் பேசி மாற்றுச் சான்றிதழ் வாங்கவைப்பதை இத்துறையில் இருப்பவர்கள் அறிவார்கள். தடையில்லாத் தேர்ச்சியை நான் குறை சொல்லவில்லை. ஒரு பிள்ளையை அதே வகுப்பில் இன்னோர் ஆண்டு உட்காரவைத்து, அதே முறையில் அதே பாடத்தை நடத்துவதால் எதுவும் மாறாது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் கற்றல் குறைபாட்டை 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அதன் 16ஆவது பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெறும் கல்வி நிறுவனங்கள் கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிய வேண்டும் என்றும், தேவைப்படும் பிள்ளைக்குத் தனிப்பட்ட முறையிலான உதவியும் அளிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2022இல் கல்வி உரிமைச் சட்ட அட்டவணை திருத்தப்பட்டு, ஐந்தாம் வகுப்புவரை 10 மாற்றுத்திறன் மாணவருக்கு ஒருவர், ஆறு முதல் எட்டுவரை 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் விகிதமும் வகுக்கப்பட்டது. நடைமுறையில் நமது சிறப்பாசிரியர்கள் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ்த் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். 2024–25ஆம் ஆண்டுக்கு அத்திட்டத்தில் வர வேண்டிய ரூ.2,152 கோடியை ஒன்றிய அரசு விடுவிக்கவில்லை என்று மாநில அரசு சொல்லிவந்தது. ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ மாதிரிப் பள்ளித் திட்டத்தில் மாநிலம் சேராததை ஒட்டி எழுந்த இந்தப் பூசலில் எந்தப் பக்கம் நியாயம் என்று வாதிடுவது இக்கடிதத்தின் நோக்கமன்று. ஊதியம் எப்போது வரும் என்று காத்திருக்கும் ஒருவரிடம், நாளுக்கு ஒரு பள்ளி என்று பேருந்தில் அலைந்துகொண்டே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் வகுக்கச் சொல்வது முறையன்று என்பதை மட்டும் இரு அரசுகளுக்கும் நினைவூட்ட விரும்புகிறேன்.

இன்னொரு பக்கம், பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உள்ளன. அவை தேவையானவை. ஆனால் பத்து ஆண்டுகள் படிக்கச் சொல்லித்தராமல் இருந்துவிட்டு, கடைசியில் எழுதுவதற்கு ஆள் தருவதோடு நம் கடமை முடிந்தது என்று எண்ணக்கூடாது. மருத்துவச் சான்றுக்காக மாவட்டத் தலைநகருக்கு நடையாய் நடக்க வசதியுள்ள பெற்றோர்களே பெரும்பாலும் இச்சலுகைகளைப் பெறுகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். தினக்கூலியை விட்டுவிட்டு ஒரு தாய் எத்தனை முறை போவார்?

தனிக் கவனிப்பு பிள்ளையைத் தனிமைப்படுத்திவிடும் என்ற கவலையை ஒரு வாசகி எழுப்பியிருந்தார். நியாயமான கவலை. பின்தங்கியவர்களை எல்லாம் ஒரே பிரிவில் அடைத்து, அதற்கு 'சி' பிரிவு என்று பெயரிட்டு, ஊரே அதைச் சொல்லிச் சிரிக்கும்படி செய்த பள்ளிகள் உண்டு. நான் கேட்பது அது அன்று. சென்னையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன், பிள்ளைகளைத் தன் மையத்தில் சேர்த்துப் பயிற்றுவித்து, பின்னர் வழக்கமான பள்ளிக்கே திருப்பி அனுப்புகிறது. பள்ளிகளுக்குள்ளேயே உதவி அறைகள் அமைக்கவும் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கவும் செய்கிறது. அந்தப் பிள்ளை தன் வகுப்பில்தான் இருக்க வேண்டும், நண்பர்களோடுதான் உண்ணவும் விளையாடவும் வேண்டும். அரை மணி நேரம் மட்டும் நூலக அறையிலோ தாழ்வாரத்திலோ ஒருவரோடு அமர வேண்டும். கணக்கில் முந்தி நிற்கும் பிள்ளையும் சில நாள் அதே இடத்தில் அமரட்டும். அப்போது அந்த இடத்துக்குப் பட்டப்பெயர் வராது.

ஆள் எங்கே என்று கேட்பார்கள். கொரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுகட்டத் தன்னார்வலர்கள் மாலையில் சொல்லித்தந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஊர்தோறும் இளம்பெண்கள் முன்வந்தார்கள். தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கண்காணித்த பொருளியல் ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதங்களில் இழந்த கற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் கால் பங்கு அளவுக்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் கணக்கிட்டது. மாலையில் இருபது பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டே அவர்கள் இதைச் செய்தார்கள். அவர்களில் விருப்பமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு எழுத்தறிமுகத்தில் முறையான பயிற்சி தந்து, ஊக்கத்தொகையைக் கௌரவமான ஊதியமாக உயர்த்தி, பள்ளி நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையோடும் தனித்தனியே அமரச் செய்யலாம். யாருக்கு என்ன சிக்கல் என்று கண்டறிவதும் திட்டம் வகுப்பதும் நிரந்தரப் பணியிலுள்ள சிறப்பாசிரியரின் பொறுப்பாக இருக்க வேண்டும். அந்த வேலையைத் தன்னார்வலர் தலையில் கட்டக்கூடாது.

வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது தொடக்கக் கல்வித் துறை அனுப்பும் கால அட்டவணையில் ஒரு பாடவேளையை 'தனிக் கற்பித்தல்' என்று குறிப்பிட்டு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பாடவேளையில் எமிஸ் பதிவோ கூட்டமோ வைக்கக்கூடாது. ஆய்வுக்கு வரும் வட்டாரக் கல்வி அலுவலர், வகுப்பின் சராசரியைக் கேட்பதற்கு முன், ஜூனில் ஓர் எழுத்தும் அறியாதிருந்த பிள்ளையை அழைத்து, இப்போது எதுவரை படிக்கிறது என்று கேட்டுப் பதிய வேண்டும். மாநிலம் முழுவதும் உடனே இயலாதென்றால், மாவட்டத்துக்கு ஓர் ஒன்றியத்திலாவது இந்த ஆண்டு தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை,
திருவாரூர் மாவட்டம்.