ஓடாத கட்டளையைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரக் கல்வி இணைப்பில், லினக்ஸ் கணினியில் பைத்தான் நிரல்மொழியின் தொகுப்புகளை (ஆயத்த நிரல்களை) நிறுவ 'சூடோ பிப் இன்ஸ்டால்' என்று தட்டினால் போதும் என எழுதியிருந்தீர்கள். 'பிப்' அந்தத் தொகுப்புகளை நிறுவும் கருவி; 'சூடோ' கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது. 2023இல் வந்த உபுண்டு 23.04, டெபியன் 12 ஆகிய லினக்ஸ் பதிப்புகள் முதல் அந்தக் கட்டளை ஓடுவதில்லை. கட்டுரையாளரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பல மென்பொருள்களின் நிறுவல் பக்கங்களிலேயே இன்னும் அந்த வரிதான் இருக்கிறது. நான் பணிபுரியும் ஆய்வகத்தின் கையேட்டிலும் அதுவே.

அந்த வழியை அடைத்ததற்குக் காரணம் உண்டு. இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் பலவும் பைத்தானில் எழுதப்பட்டவை. அவற்றுக்கான தொகுப்புகளை, இயங்குதளத்தின் சொந்த நிறுவல் கருவியான ஆப்ட் கவனித்துக்கொள்கிறது. நடுவில் பிப் புகுந்து வேறு பதிப்பைப் போட்டால் அந்தக் கருவிகள் படுத்துவிடும். அதனால்தான் இப்போது பிப் நிறுவ மறுத்து, நீளமான பிழைச் செய்தியைக் காட்டுகிறது. அருமையான செய்தி அது. ஆப்டில் தொகுப்பு இருந்தால் அங்கிருந்து எடுங்கள், இல்லையென்றால் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (இயங்குதளத்தின் பைத்தானைத் தொடாத தனிச் சூழல்) அமைத்து அதற்குள் நிறுவுங்கள் என்று வழி சொல்கிறது. கடைசியில், இயங்குதளமே பழுதாகலாம் என்ற எச்சரிக்கையோடு, தடையை மீறி நிறுவும் 'பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்ற விருப்பத்தையும் குறிப்பிடுகிறது.

கையேடு ஒன்று சொல்ல, திரை வேறொன்று சொன்னால் முதலாம் ஆண்டு மாணவி எதை நம்புவார்? அச்சில் உள்ளதைத்தான். அந்த வரியின் வாலில் இந்த விருப்பத்தை ஒட்டி ஓட்டிவிடுகிறார். பிள்ளைகள் மீது தவறில்லை. கையேட்டு வரி எப்படியாவது ஓட வேண்டும் என்றுதானே நினைப்பார்கள்!

சரியான வழியைச் சொல்லும் பக்கங்களும் பாதியில் விட்டுவிடுகின்றன. டெபியனிலும் உபுண்டுவிலும் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் அமைக்கும் வசதி தனித் தொகுப்பாக வருகிறது. முதலில் அதை ஆப்ட் வழியாக நிறுவ வேண்டும். அப்புறம், அந்தச் சூழலுக்கு உள்ளே போன பிறகும் பழக்கத்தில் 'சூடோ' சேர்த்தால் கட்டளை மறுபடி இயங்குதளத்தின் பொதுப் பைத்தானைத்தான் தொடும். இந்த இரண்டையும் சொல்லாத குறிப்பு மாணவரைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்துகிறது.

இனி எந்தக் கட்டளையை வெளியிட்டாலும், எந்த இயங்குதளத்தின் எந்தப் பதிப்பில், எந்த மாதம் ஓட்டிப் பார்த்தது என்று பக்கத்திலேயே போடுங்கள். கையேடு தயாரிக்கும் ஆசிரியர்களும் இதைச் செய்ய வேண்டும். திருத்தம் அடுத்த இணைப்பிலேயே வந்தால், இந்தப் பருவத்தின் செய்முறை வகுப்புகளுக்கு அதை நகலெடுத்துக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
கல்லூரிக் கணினி ஆய்வக உதவியாளர்,
விருதுநகர் மாவட்டம்