எட்னாவுக்கு ஒரு விருது வேண்டும்

மெல்பர்ன் சர்வதேச நகைச்சுவை விழா நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். 1987இல் உங்கள் விழாவைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞர் பாரி ஹம்ஃப்ரீஸ். அவர் பெயர் தாங்கிய முதன்மை விருதை 2019இல் பெயர் மாற்றினீர்கள். திருநர்களைப் பற்றி அவர் பேசியது பலரைப் புண்படுத்தியது. அந்த முடிவோடு எனக்கு வழக்கில்லை. என் மனத்தாங்கல், அவர் பெண் வேடமிட்டு நடித்த எட்னா என்ற பாத்திரத்தைப் பற்றியது.

ஊர் ஊராக நாடகம் போட்டுக்கொண்டு போன பஸ்ஸின் பின்னிருக்கையில் பிறந்தவர் எட்னா எவரேஜ். சிற்றூர்களில் தேநீர் கொடுத்து நன்றியுரை ஆற்றும் சீமாட்டிகளின் குரலில் பேசி, ஹம்ஃப்ரீஸ் சக நடிகர்களைச் சிரிக்கவைத்தார். 1955 டிசம்பரில் அந்தக் குரல் மெல்பர்னில் மேடையேறியது. மெல்பர்னின் புறநகரான மூனி பாண்ட்ஸைச் சேர்ந்த இல்லத்தரசி, ஒலிம்பிக்கிற்கு வரும் விருந்தினருக்குத் தன் வீட்டில் அறை தர முன்வருகிறாள். காட்சி அவ்வளவுதான்.

அப்போது ஊதா முடியும் கிடையாது, சிறகு விரித்த மூக்குக்கண்ணாடியும் கிடையாது. அவை மெல்ல மெல்லச் சேர்ந்தன. 1974இல் ஒரு படத்தின் காட்சியில் பிரதமர் கஃப் விட்லமே அவருக்கு 'டேம்' பட்டம் (ஆண்களுக்கான 'சர்' போலப் பெண்களுக்குத் தரும் பட்டம்) சூட்டினார். ஒரு நாட்டின் பிரதமர் கற்பனைப் பெண்மணிக்குப் பட்டம் தருவதெல்லாம் ஆஸ்திரேலியாவில்தான் நடக்கும்! முன்வரிசைப் பெண்ணிடம் படுக்கையறைச் சுவரின் நிறத்தை விசாரித்து, பதிலைக் கேட்டு முகம் சுளித்து, அரங்கையே சிரிப்பில் உருட்டிவிடுவார். கடைசியில் கிளாடியோலஸ் பூக்களை அள்ளி வீசுவார். 2000இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக உலகம் தன் உயரிய விருதான டோனியில் அவருக்குச் சிறப்பு விருது அளித்தது.

எட்னாவும் பழிக்குத் தப்பவில்லை. 2003இல் ஸ்பானிய மொழி பேசுவோரைக் கேலி செய்த அவரது பத்தி பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது; வெளியிட்ட இதழ் மன்னிப்புக் கேட்டது. ஆகவே, கறை கழுவும் வேலையை நான் கேட்கவில்லை.

நான் கேட்பது தனி விருது ஒன்று. இன்று பெரும்பாலான கலைஞர்கள் தம் கதையைத் தம் பெயரிலேயே சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒரே பாத்திரத்தை ஆண்டுக்கணக்கில் வளர்த்து, அதற்கு முதுமையும் அகம்பாவமும் ஏறவிடும் பொறுமைக்கு ஊக்கம் தருவோர் குறைவு. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதைச் செய்துகாட்டிய பாத்திரம் உங்கள் ஊர்க்காரி. அத்தகைய கலைஞருக்கான விருதை எட்னா பெயரில் வழங்குங்கள். 2023இல் மறைந்த ஹம்ஃப்ரீஸின் குடும்பத்தாரிடம் முதலில் சம்மதம் கேளுங்கள். அவர்கள் மறுத்தால், வேறு பெயரிலாவது விருதைத் தொடங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
நகைச்சுவை ரசிகன் ஒருவன்